பின்னால் நின்ற ஊர்

அத்திப்பட்டில் எடுத்த எங்கள் வீட்டுப் படங்களில் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது தெர்மல் சிம்னிதான். சைக்கிள் பழகும் படத்தில் அது சின்னவனின் உச்சந்தலையிலிருந்து முளைத்து நிற்கிறது. பொங்கல் படத்தில் பெரியவள் பட்டுப்பாவாடையில், ஒரு பக்கம் கரும்பு, மறு பக்கம் சிம்னி. மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குப் பின்னாலும் அதுவேதான். ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அவர், "அந்தக் கொள்ளிக்கட்டைய உட்டுட்டு ஒரு படம் எடுக்க வராதா உனக்கு?" என்பார்.

வராது. வட சென்னை அனல் மின் நிலையம் ஊருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிறது. வெயில் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது கேமரா வாங்கிய எல்லாருக்கும் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, பவுடர் போட்டுத் தயாராவதற்குள் வெயில் மேற்கே இறங்கியிருக்கும். ஆகவே மேற்கே நான் நிற்பேன், எனக்கு எதிரே அவர்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் 630 மெகாவாட்.

தலா 210 மெகாவாட்டில் மூன்று யூனிட்டுகள். 1994-இலிருந்து 1996-க்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தவை. அதில் வேலைக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று அவருடைய வாரங்கள் சுழலும். எங்கள் தூக்கமும் சமையலும் அதன் பின்னாலேயே சுழலும். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் அடிகுழாய், பின்னால் துணி காயப்போட இடம். அந்தப் பக்கத்துக் கொடிகளில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்வது அன்றைய காற்றைப் பொறுத்தது. நிலக்கரியா, சிமெண்டா, லாரிப் புழுதியா, யார் கண்டார்கள். பள்ளிச் சட்டையை உதறி மோந்து பார்த்துவிட்டு மடிப்பது அங்கே எல்லா அம்மாக்களுக்கும் பழக்கம்.

சொந்தக்காரர்களுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அம்பத்தூர்ப் பக்கம் இன்னொரு அத்திப்பட்டு உண்டு, கடிதங்கள் அங்கே போய்விடும். 2001-இல் அஜித் நடித்த 'சிட்டிசன்' வந்த பிறகு இன்னும் மோசம். வரைபடத்திலிருந்தே காணாமல் போன அந்தப் படத்து அத்திப்பட்டிக்கும் எங்கள் அத்திப்பட்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். "உங்க ஊரு இன்னும் இருக்குதா?" என்று கல்யாண வீடுகளில் கேட்டுச் சிரிப்பார்கள். இருக்கிறது, கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து வாருங்கள், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் என்பேன். எண்ணூர் தாண்டினதும் ரயில் கழிமுகத்துப் பாலத்தில் ஏறும். இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும். இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவர்கள் தெரிவார்கள். அப்புறம் உப்பளங்கள், பாத்தி பாத்தியாக. இந்த இடத்தில் பெட்டிக்குள் யாரும் பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு நொடி வெளியே பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்கள். அந்தப் பாலத்தை நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஆடும் ரயிலில் ரோலை வீணாக்குவார்களா?

கேமரா, கோடாக் கேபி 10. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் சம்பளக்கார வீடுகளில் பரவலாக இருந்தது. தீபாவளி போனஸில் பாரிமுனைப் பக்கம் போய் இவர் வாங்கி வந்தார். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, கட்டைவிரலால் தள்ளி ரோலை நகர்த்தும் சக்கரம், எத்தனை படம் ஆயிற்று என்று காட்டும் பொட்டுக் கண்ணாடி. பிளாஷ் பட்டனைத் தள்ளினால் உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் ஏறும், ஆரஞ்சு விளக்கு எரியும், பிறகு அழுத்தலாம். வாங்கியது இவர் என்றாலும் பிடித்தது நான்தான். ஷிப்ட் ஆளுக்குப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமே வாரத்தில் சில நாள்தானே கிடைக்கும். தெருவில் கேமரா பிடிக்கிற பொம்பளை நான் ஒருத்திதான் என்பதால் பூப்பு நீராட்டு, காதுகுத்து, வளைகாப்பு என்று கூப்பிட வந்துவிடுவார்கள். ரோலை அவர்களே வாங்கித் தருவார்கள். "அக்கா, முப்பத்தாறும் ஒழுங்கா வரணும்" என்பது நிபந்தனை.

முப்பத்தாறு என்பது அப்போது ஒரு பெரிய எண். ரோலைச் சாமர்த்தியமாக மாட்டினால் முப்பத்தேழு கிடைக்கும், சில சமயம் முப்பத்தெட்டு. தீபாவளிக்கு மாட்டிய ரோல் பொங்கல் வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். கழுவி வாங்கினால் ஒரே ரோலில் மத்தாப்பு, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த நாத்தனார் பிள்ளைகள், பொங்கல் பானை, மூன்றும் வரிசையாக இருக்கும். ஒரு பருவமே சுருட்டி வைத்த மாதிரி. மீஞ்சூர் ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர்கள் சென்னைக் கலர் லேபுக்கு அனுப்பி வாங்கித் தருவார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். எனக்கோ எந்தெந்தப் படத்தில் யார் கண்ணை மூடியிருப்பார்கள் என்ற யோசனை. வந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே கவரைப் பிரித்துப் பார்த்துவிடுவேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுத்த பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எனக்கு என் சின்ன வயசுப் படம் என்று இருப்பது ஒன்றுதான். அரக்கோணத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம்கள் ஸ்டூடியோக்களில் புழங்கிய காலம். படத்தில் நான் ஒரு முக்காலியின் மேல் கையை ஊன்றி நிற்கிறேன். முக்காலியில் பூச்சாடி. எனக்குப் பின்னால் வளைந்து ஏறும் பளிங்குப் படிக்கட்டு, தூண்கள், அதற்கும் அப்பால் ஒரு குளமும் அன்னமும். எல்லாம் திரைச்சீலையில் வரைந்தவை. எங்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது.

அந்தத் திரைகளைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லி என்ற ஆய்வாளர், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையை நடத்தியிருக்கிறார். அந்தப் படங்களில் சிலவற்றை மகள் கம்ப்யூட்டரில் திறந்து காட்டியபோது வரிசையாக அதே படிக்கட்டு, அதே தூண், அதே முக்காலி. எந்த ஊர் என்று சொல்ல முடியாது. பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. ஸ்டூடியோவின் உள்ளே போன எல்லாரும் தங்கள் ஊரை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வறுமையோ தெருவோ வேலையோ படத்தில் வரக் கூடாது. ஆள் வரட்டும், ஊர் வேண்டாம். அன்றைக்கு அதுதான் மரியாதை.

ஊர் படத்துக்குள் வந்தது வீட்டாரின் கைக்குக் கேமரா வந்த பிறகுதான். அமெரிக்காவில் 1900-இல் ஒரு டாலருக்கு 'பிரௌனி' என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை விற்க ஆரம்பித்தபோது இது நடந்தது. நம் பக்கம் எழுபது, எண்பதுகளில் ஆக்ஃபா கிளிக் த்ரீ வைத்திருந்த சித்தப்பாக்களோடு மெல்ல ஆரம்பித்து, கேபி 10 போன்றவை வந்த பிறகு தெருத் தெருவாக நடந்தது. பணக்காரர்களில் விதிவிலக்குகள் முன்பே உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் அப்பா உம்ராவ் சிங் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கேமராவை விடவில்லை. 1913-இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதாவையும் தங்கை இந்திராவையும் தொட்டில் காலத்திலிருந்து எடுத்துத் தள்ளியிருக்கிறார். தன்னையும் எடுத்துக்கொண்டார், அலுக்காமல். பெற்ற பிள்ளைகளை எடுத்த இந்தியத் தகப்பன் என்றால் எனக்கு முதலில் அவர்தான். அவருடைய பேரன், ஓவியர் விவான் சுந்தரம், 2001-இல் அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, வெவ்வேறு காலத்து ஆட்களை ஒரே அறையில் நிற்கவைத்துப் புதுப் படங்கள் செய்தார். புகழ்பெற்ற வேலை. எனக்கென்னவோ தாத்தா எடுத்த வெட்டாத படங்கள்தான் பிடிக்கின்றன. அந்த அறை அன்றைக்கு அப்படித்தான் கிடந்தது என்ற உறுதி அவற்றில் இருக்கிறது.

கேபி 10-இல் தூரம் திருகி வைக்கிற வேலை கிடையாது. லென்ஸின் வாய் சின்னது. நாலடியைத் தாண்டிவிட்டால் பிள்ளையின் மூக்கும் சரி, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் சிம்னியும் சரி, அதற்கு ஒன்றுதான், எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். தொழில் தெரிந்தவர்கள் அதை மட்டமான கேமரா என்பார்கள். இன்னொன்றும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் காட்டுவதைவிடப் பிலிமில் கொஞ்சம் கூடுதலாகவே விழும். நான் பார்க்காததும் படத்தின் ஓரங்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஓரங்களுக்காகத்தான் இப்போது ஆல்பத்தைத் திறக்கிறேன். பிள்ளைகளின் முகம் எனக்கு மனப்பாடம். போன் போட்டால் இன்றைய முகமே வந்து நிற்கும். ஆனால் அவர்களுக்கு இடப்பக்கம் கம்பி ஜன்னலில் சொருகி வைத்த பல் தேய்க்கும் பிரஷ்கள் நாலும் வேறெங்கே இருக்கின்றன? டிவிக்கு நானே தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. அதன் மேல் இவருடைய ஷிப்ட் அட்டவணை, ஊதா மையில். அடிகுழாயின் கழுத்தில் சுற்றிய சைக்கிள் டியூப். வேப்பமரத்து நிழலில் கயிற்றுக்கட்டில், அதில் சி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து துண்டால் கண்ணை மறைத்துக்கொண்டு தூங்கும் இவருடைய பாதங்கள் மட்டும். பாதங்களைத் தவிர அந்த வருடப் படங்களில் இவர் அநேகமாக இல்லை. நானும் இல்லை. மாலை வெயில் முதுகில் அடித்ததால் பல படங்களில் பிள்ளைகளின் காலடி வரை என் நிழல் நீண்டு கிடக்கிறது, முழங்கைகள் இரண்டும் காதுபோல் விரிந்து. பேரன் அதைப் பார்த்து, "பாட்டி, யார் அந்தப் பூதம்?" என்றான்.

பழவேற்காட்டுப் படங்கள் தனி. பொங்கல் லீவில் பொன்னேரி போய் அங்கிருந்து பஸ். ஏரியில் பூநாரைகள் வந்திருக்கும் காலம். படகுக்காரர் எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் கேபி 10-இன் கண்ணுக்கு அவை வெள்ளைப் புள்ளிகள்தான், ஒரு ரோலில் பாதி அந்தப் புள்ளிகளுக்கே போயிற்று. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்கமாட்டேன் என்று சின்னவன் அழுத அழுகை படத்தில் இருக்கிறது. வாய் முழுக்கத் திறந்து, உள்நாக்கு வரை தெரிய. அவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது பெரியவள் அந்தப் படத்தைத்தான் அனுப்பப் போவதாக மிரட்டிக்கொண்டிருந்தாள்.

மீன்கார ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கழிமுகத்துப் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வருவார். மடவை, கிழங்கான், காலம் வாய்த்தால் இறால். கூடையை இறக்கும்போது, "தூக்கி உடு கண்ணு" என்று யாரையாவது கூப்பிடுவார், ஏற்றும்போதும் அப்படியே. பெரியவளின் பிறந்தநாள் ஒன்றில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், "இன்னா கண்ணு, கொயந்தைங்கள மட்டும்தான் புடிப்பியா?" என்றார். நான் அழுத்திவிட்டேன். படத்தின் வலது ஓரத்தில், தலையில் சும்மாடும் கூடையும், இடுப்பில் ஒரு கையுமாக, முழுசாகச் சிரித்தபடி நிற்கிறார். நடுவில் இருக்க வேண்டிய பெரியவள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டதால் அவள் முகம் பாதிதான். கெட்டுப்போன படம் என்று அதை ஆல்பத்தில் கடைசியில் வைத்தேன்.

சில வருடம் கழித்து ஆயாவின் மகன்கள் இரண்டு பேர் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினார்கள். ராத்திரி ஆயா போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கப் படம் வேண்டும். வீட்டில் ஒரு படம் இல்லை. "நீங்க ஒருவாட்டி புடிச்சீங்கன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும்" என்றான் மூத்தவன். எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் தெருமுனை, ஸ்டேஷன், டீக்கடை எல்லா இடத்திலும் ஆயா ஒட்டப்பட்டிருந்தார். ஸ்டூடியோக்காரர்கள் ஆயாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் பின்னால் நீல வானம் வைத்திருந்தார்கள். கூடை இல்லை. சும்மாடும் இல்லை, அந்த இடத்தில் நரைத்த முடியை வகிடெடுத்து வரைந்திருந்தார்கள். சிரிப்பு மட்டும் ஆயாவுடையது. துக்கத்துக்கு வந்த பொம்பளைகள் அழுதுகொண்டே அந்தப் போஸ்டரைப் பார்த்து, "எவ்ளோ லச்சணமா இருக்குது பாரு" என்றார்கள். உண்மைதான், லட்சணமாகத்தான் இருந்தது. மூலப்படத்தை மகன் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான், துணியில் சுற்றி. ஆயா மறுபடி கூடையோடு என் ஆல்பத்துக்கு வந்துவிட்டார்.

இவர் ஓய்வு பெற்ற பிறகு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம். சுத்தமான ஊர், நல்ல தண்ணீர், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஏழாவது மாடி. பேரப்பிள்ளைகளை மகள் எடுக்கும் படங்கள் ஒரு நாளைக்கே ஒரு ரோலைத் தாண்டும். அழகான படங்கள், கண் இமை ஒவ்வொன்றும் எண்ணலாம். பின்னால்தான் ஒன்றுமில்லை. 2016-இல் ஐபோன் 7 பிளஸில் போர்ட்ரெய்ட் மோட் என்று ஒன்று வந்தது. முன்னால் இருப்பவரை மட்டும் தெளிவாக வைத்து, பின்னால் உள்ளதை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கால் பஞ்சாக்கிவிடும். பெரிய கேமராக்காரர்கள் விலையுயர்ந்த லென்ஸால் செய்ததை இனி எல்லாரும் செய்யலாம். இன்று மலிவு போன்களிலும் அது இருக்கிறது. என் கண்ணுக்கு அது அரக்கோணத்து ஸ்டூடியோத் திரைதான், பளிங்குப் படிக்கட்டு மட்டும் இல்லை. கொடியில் துணி காய்கிறது, சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறது, எல்லாம் மங்கிப்போகட்டும். பேரன் வளர்ந்து தன் படங்களைப் பார்த்தால் தான் எந்த வீட்டில் வளர்ந்தேன் என்று அவனுக்குத் தெரியப் போவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதானால் மகள் குழந்தையின் முகத்தின் மேலும் ஒரு இதயத்தை ஒட்டிவிடுகிறாள். கண்ணேறுக்கு இல்லையாம், கண்டவன் எடுத்துப் பயன்படுத்துவானாம். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகமும் இல்லாமல் பின்னணியும் இல்லாமல் மிஞ்சுவது என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அத்திப்பட்டை விட்டு வருவதற்கு முன், 2015 டிசம்பர் மழையில் ஆல்பங்களில் ஒன்று நனைந்தது. பிளாஸ்டிக் தாளோடு படங்கள் ஒட்டிக்கொண்டன. இவர் வெயிலில் வைக்கப் போனார். பக்கத்து வீட்டுத் தம்பி, பழைய ஸ்டூடியோ ஆள், ஓடிவந்து தடுத்தார். காய்ந்தால் பிரியவே பிரியாது, பச்சைத் தண்ணீரில் முழுசாக மூழ்கவிட்டு ஊறின பிறகு மெல்லக் கழற்றி நிழலில் உலர்த்த வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். கொடியில் பிள்ளைகளின் உள்ளாடைகளோடு பிள்ளைகளின் படங்களும் கிளிப் மாட்டித் தொங்கின. எல்லாவற்றையும்விட நல்ல செய்தி, நெகட்டிவ்கள் தனியாக பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. பிள்ளையின் ஜாதகத்தை வைத்திருக்கும் கவனத்தோடு நெகட்டிவை வைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிரிண்டின் சாயம் மங்கினாலும் நெகட்டிவிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

போன வருடம் மகன் அந்த நெகட்டிவ்களை எல்லாம் ஸ்கேன் செய்யக் கொடுத்தான். வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது எனக்கு ஒரு பரிசு காத்திருந்தது. லேபில் போட்ட நாலுக்கு ஆறு பிரிண்டில் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத்தான் வரும், அது அந்த மெஷினின் வழக்கம். நெகட்டிவில் வெட்டு இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரு விரற்கடை அத்திப்பட்டு கூடுதலாகக் கிடைத்தது. பொங்கல் படத்தின் இடது ஓரத்தில் பக்கத்து வீட்டு ஆயாவின் கோலப்பொடி டப்பா, விரலோடு. சைக்கிள் படத்தில், சின்னவனைப் பிடிக்க ஓடிவந்து நின்றுவிட்ட ஒரு லுங்கியின் பாதி. அது யாருடையது என்று நாங்கள் மூன்று நாள் வாதாடினோம். இவர் தன்னுடையது என்கிறார். கட்டம் போட்ட நீல லுங்கி இவருக்கு இருந்ததே இல்லை.

ஊர் இப்போது நான் பார்த்த ஊர் இல்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்து, 2014-இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. வல்லூர் மின் நிலையம், தெர்மலின் இரண்டாம் நிலை, காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று அடுத்தடுத்து வந்தன. எண்ணூர்ப் பக்கம் 1970-இலிருந்து ஓடிய பழைய அனல் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். கன்டெய்னர் லாரிகளின் வரிசை சாலையில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழனி குமார் என்ற புகைப்படக் கலைஞர் வடசென்னைப் பிள்ளைகளுக்கே கேமராவைச் சொல்லிக்கொடுத்து அவர்கள் தெருவை அவர்களையே எடுக்கவைத்திருக்கிறார். கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் வரிசையில் என் பிள்ளைகள் இருந்தார்கள். இவர்கள் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். பொறாமையாக இருக்கிறது.

தெர்மலில் இப்போது வேலை பார்க்கும் அண்ணன் மகனிடம், எங்கள் பழைய தெருவை நாலு படம் எடுத்து அனுப்பப்பா என்று கேட்டேன். அனுப்பினான். நாலிலும் அவன்தான் நிற்கிறான், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. பின்னால் ஒரே பஞ்சு. போன் போட்டேன்.

"பின்னாடி இருக்கிறது தெரியலியேப்பா."

"பின்னாடி ஒண்ணுமே இல்ல அத்தை. உங்க வீட்ட இடிச்சிட்டாங்க. லாரிங்க நிக்குது. வேப்பமரம் இருக்குது."

"அடிகுழாய்?"

"இன்னா கொழாய்?"

கேபி 10 இன்னும் என்னிடம் இருக்கிறது. பேட்டரி போட்டால் அந்தச் சத்தம் ஏறுகிறது, ஆரஞ்சு விளக்கும் எரிகிறது. ரோல் இப்போதும் கிடைக்கிறதாம், இளவட்டங்கள் ஆசையாக வாங்குகிறார்களாம். ஒரு ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்று மகன் சொன்னதும் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தை பிறந்ததும் ஒரு நடை அத்திப்பட்டு போய் வருவது என்று முடிவு. முப்பத்தாறுதான், அதனால் எதை எதை எடுப்பது என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். ரயில் பாலம், ஆடினாலும் பரவாயில்லை. உப்புப் பாத்தி. ஸ்டேஷன் பெஞ்சு. வேப்பமரம். மீஞ்சூர் ஸ்டூடியோ வாசல். யாருடைய கொடியிலாவது காயும் பள்ளிச் சட்டை. சிம்னிகள் எல்லாமும், மாலை வெயிலில்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"என்னம்மா இது, இதுல ஒரு ஆளுகூட இல்ல?"

"நீங்கதான் வர்றீங்களே. ஓரமா நில்லுங்க."